சர்வே எண் சொல்லாத நிலம்

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் இரவு, திருப்பூரில் பின்னலாடைக் கம்பெனியொன்றில் கணக்கெழுதும் என் தமக்கை மகன், தன் கைப்பேசிக்கு வந்த நில விளம்பரமொன்றை எனக்கு அனுப்பி, “மாமா, இது நம்ம ஊர்ப் பக்கந்தான். ஒரு எட்டு பாத்துச் சொல்லுங்க” என்று கேட்டிருந்தான். விளம்பரத்தின் வாசகம் இது: “2 ஏக்கர் 10 சென்ட். கரிசல் பூமி. ரோட்டு முகப்பு. சிங்கிள் ஓனர். கிளியர் டைட்டில். நான்குவழிச் சாலை 15 நிமிடம். உடனடிக் கிரயம். சர்வே நம்பர் நேரில் மட்டும்.” கீழே நான்கு படங்கள். நான்கிலும் பச்சைப் பசேலென்று ஒரு வெளி. தூரத்தில் இரண்டு பனைகள். அவற்றுக்கு மேல் கருக்கலான வானம்.

இந்த எட்டு வாக்கியங்களில் முதல் ஏழும் எந்த நிலத்தைப் பற்றியும் எவரும் எழுதக்கூடியவை. எட்டாவது வாக்கியம் ஒன்றுதான் உள்ளது உள்ளபடி எழுதப்பட்டது. நிலத்தின் பெயரும் குலமும் கோத்திரமும் அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கியிருக்கின்றன என்பதையும், அதைத் தரகர் சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறார் என்பதையும், அதை வாங்க வேண்டுமானால் முதலில் அவர் முன்னால் போய் நிற்க வேண்டும் என்பதையும் அது ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடுகிறது. கைப்பேசியில் நிலம் தேடுவது என்று நாம் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லும் காரியம் உண்மையில் இரண்டு காரியங்கள். ஒன்று விலையைக் கொண்டு தேடுவது, மற்றொன்று எண்ணைக் கொண்டு தேடுவது. இவை இரண்டும் ஒரே கருவிக்குள் குடியிருந்தும் ஒன்றையொன்று முகம் பார்க்காமல் வாழ்கின்றன என்பது என் அபிப்பிராயம். அது ஏன் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். என் மருமகனுடைய நிலத்தை அதற்குத் திருஷ்டாந்தமாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் விலைத் தேடலைப் பார்ப்போம். நிலம் விற்பனைக்கு வந்திருக்கிற சேதி எங்கள் திருச்சுழிப் பக்கத்து வறண்ட சீமையில் முன்பெல்லாம் எப்படிப் பரவிற்று என்றால், டீக்கடை பெஞ்சில், சந்தையில், கல்யாண வீட்டுப் பந்தியில், ஒருவர் காதோடு ஒருவர் சொல்லித்தான் பரவிற்று. விற்பவனுக்குத் தான் விற்கிறோம் என்பது ஊருக்குத் தெரியக் கூடாது; தெரிந்தால் கடனில் மூழ்கிவிட்டான் என்று பேச்சாகும், விலையும் விழும். வாங்குகிறவனுக்கும் தான் வாங்குவது தெரியக் கூடாது. தெரிந்தால் விலை ஏறும். இந்த இரு இரகசியங்களுக்கும் நடுவே நடந்தவர் தரகர். அவருக்கு மூலதனம் என்று ஒன்று உண்டென்றால் அது அவருடைய கால்களும் அவர் வெளியிடாத தகவலுந்தான். பத்திரிகைகளின் வரி விளம்பரங்கள் வந்த பிறகும் இச்சம்பிரதாயம் மாறவில்லை. மதுரையிலோ சென்னையிலோ வீடு விற்கிறவர் வரி விளம்பரம் கொடுத்தார், திருச்சுழிப் பக்கத்துப் புஞ்சைக்காரர் கொடுக்கவில்லை.

இந்தியாவில் சொத்து விளம்பரத்துக்கென்றே அமைந்த இணையத் தளங்களில் 99ஏக்கர்ஸ் 2005 ஆம் ஆண்டிலும், மேஜிக்பிரிக்ஸ் அடுத்த ஆண்டிலும் தோன்றின. தரகரே வேண்டாம் என்பதைப் பெயரிலேயே வைத்துக்கொண்ட நோபுரோக்கர் 2014 இல் வந்தது. ஆயினும் இவை எல்லாம் பெருநகரத்தை மனத்தில் இருத்திக் கட்டப்பட்ட சாதனங்கள். படுக்கையறை எத்தனை, எத்தனையாவது மாடி, தண்ணீர் மாநகராட்சியினுடையதா என்று அவை கேட்கும் கேள்விகளுக்கு ஒரு மானாவாரிப் புஞ்சை என்ன பதில் சொல்லும்? ஓடை எந்தப் பக்கம், வண்டிப்பாதை உண்டா, போர் போட்டால் தண்ணீர் நல்லதா உவரா என்று நம்மவர் கேட்கும் கேள்விகளுக்கோ அவற்றில் கட்டம் இல்லை. ஆகவே, 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையம் மலிவான பிறகு, கரிசல் காட்டு நிலங்கள் அத்தளங்களைச் சுற்றிக்கொண்டு, வாட்ஸ்அப் குழுக்களுக்கும் முகநூலுக்கும் யூடியூப் காணொளிகளுக்கும் போய்ச் சேர்ந்தன. தரகர் ஒழிந்துபோகவில்லை, அவர் டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்து இருபது குழுக்களில் உட்கார்ந்துகொண்டார். ஒரே புஞ்சையை ஆறு தரகர்கள் ஆறு விலைக்குப் போட்டிருப்பதை நானே கண்டிருக்கிறேன். படத்திலிருந்த பனைகளை எண்ணித்தான் ஒரே இடம் என்று தெரிந்துகொண்டேன். நிலத்துக்குச் சொந்தக்காரர் தம் நிலம் விற்பனைக்கு வந்திருப்பதைத் தாமே கைப்பேசியில் பார்த்துத் தெரிந்துகொள்வதும் உண்டாம்.

சர்வே எண்ணைத் தரகர்கள் சொல்லாததற்குக் காரணம் கபடம் மட்டும் அன்று. எண்ணைச் சொன்னால், கேட்டவர் அதைக் கொண்டு பட்டாதாரர் பெயரைக் கண்டுபிடித்து, ஊருக்கு நேரே போய், தரகரை விட்டுவிட்டுப் பேசி முடித்துவிடுவார். ஒரு பர்சன்ட், இரண்டு பர்சன்ட் என்று இரு தரப்பிலும் வரவேண்டிய கமிஷன் போய்விடும். இந்த அச்சம் நியாயமானது. கைப்பேசிக்கு முன்னே எண்ணைச் சொன்னாலும் அவ்வளவு நஷ்டமில்லை. பதிவேட்டைப் பார்க்கத் தாலுகா ஆபீசுக்கும் கிராம நிர்வாக அலுவலரிடத்துக்கும் நடக்க வேண்டியிருந்தது. இப்போது அந்த எண் ஒன்று கிடைத்தால் எல்லாம் வெளிச்சம். அதாவது, அரசாங்கம் தன் பதிவேடுகளை எவ்வளவுக்கு எவ்வளவு திறந்து வைத்ததோ, அவ்வளவுக்கு அவ்வளவு அவற்றின் திறவுகோலை மறைத்து வைப்பது தரகருக்கு அவசியமாயிற்று. இந்த விசித்திரத்தை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை.

அந்தத் திறந்த பதிவேடுகள் எவை என்று அறிந்தவர் இன்னும் மிகக் குறைவு. வருவாய்த் துறையின் இணைய சேவைப் பக்கத்தில் விருதுநகர் மாவட்டம், திருச்சுழி தாலுகா, கிராமம் என்று இறங்கி, சர்வே எண்ணையும் உட்பிரிவையும் கொடுத்தால், பட்டாதாரர் பெயரும் புன்செய், நன்செய் விஸ்தீரணமும் தீர்வையும் வரும். அ-பதிவேட்டின் நகலும் அங்கேயே கிடைக்கும். கொடுத்த எண் புறம்போக்கா என்று தனியே சரிபார்க்கவும் வழியுண்டு. புல வரைபடத்தில் அந்த நிலத்தின் ஒவ்வொரு பக்கமும் இத்தனை மீட்டர் என்று காணலாம். பதிவுத் துறை 2018 பிப்ரவரியில் புதுப்பித்த தளத்தில் வழிகாட்டி மதிப்பையும், 1975 ஆம் ஆண்டு முதற்கொண்டு அந்த எண்ணின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலாகிய வில்லங்கச் சான்றையும் பார்க்கலாம். கோயில் நிலமா என்ற ஐயத்துக்கும் விடை தேடலாம்; அறநிலையத் துறை தன் பொறுப்பிலுள்ள கோயில்களின் நில விவரங்களை 2021 முதல் தன் தளத்தில் ஏற்றி வருகிறது. வக்கீல் குமாஸ்தா ஒருவர் பதினைந்து நாள் அலைந்து சேகரித்ததை, உட்கார்ந்த இடத்தில் ஒரு மணி நேரத்தில் சேகரித்துவிடலாம். எண் மட்டும் வேண்டும்.

அந்த எண்ணுக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதை அறியாமல் இந்தச் சீமையின் பட்டாவைப் படிப்பது ஆபத்து. திருச்சுழிப் பிரதேசம் இராமநாதபுரம் ஜமீனுக்கு உட்பட்டிருந்தது. 1803 இல் அதன் ஜமீன்தாரிணி மங்களேசுவரி நாச்சியாருக்குக் கும்பினியார் நிரந்தர சன்னது கொடுத்த பிறகு, குடியானவன் யாருக்கு எவ்வளவு வாரம் கொடுத்தான் என்பது ஜமீன் கணக்குப்பிள்ளையின் ஏட்டில் இருந்ததேயன்றி, சர்க்கார் ரயத்துவாரிக் கிராமங்களில் இருந்தது போன்ற நுணுக்கமான பதிவு இங்கே இல்லை. அக்காலத்துப் பத்திரங்களைப் பார்த்தால் நிலத்துக்கு எண் இருக்காது, பெயர் இருக்கும். பனையடிப் புஞ்சை, ஊருணிக் காடு என்று ஒரு பெயரும், கிழக்கே ஓடை, மேற்கே இன்னார் புஞ்சை, தெற்கே வண்டிப்பாதை, வடக்கே கண்மாய்க் கரை என்று நான்கெல்லையும். 1948 ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்து, ஜமீன் கிராமங்கள் அளந்து ரயத்துவாரிப் பட்டாவுக்கு மாற்றப்பட்டபோதுதான் பல புஞ்சைகளுக்கு இன்றைய எண் வந்தது. பிறகு, 1979 ஜூன் முதல் 1987 ஏப்ரல் முடிய நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், யுடிஆர் என்று கிராமத்து மூதாட்டியும் சொல்லக்கூடிய அந்தத் திட்டத்தில், அனுபவத்தில் உள்ளவர் பெயருக்குப் பட்டாக்கள் புதிதாக எழுதப்பட்டு, ஏக்கரும் சென்ட்டும் ஹெக்டேரும் ஏருமாக மாறின. அன்று ஊரில் இல்லாதவன் பெயர் விட்டுப்போயிற்று. அண்ணன் பெயரில் தம்பியின் பங்கும், பங்காளி பெயரில் விதவையின் பங்கும் ஏறிற்று. இன்று கைப்பேசித் திரையில் நாம் காணும் பட்டா பெரும்பாலும் அந்த எட்டு ஆண்டுகளின் பிரதிபிம்பம். அன்றைய எழுத்துப் பிழையும் அப்படியே கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறது.

ஊர்களின் விலாசமே மாறியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1910 இல் பிறந்த இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து 1985 மார்ச்சில் காமராசர் மாவட்டம் பிரிந்து, அது பின்னர் விருதுநகர் மாவட்டமாயிற்று. தாத்தா காலத்துப் பத்திரத்தில் ‘இராமநாதபுரம் மாவட்டம், அருப்புக்கோட்டை தாலுகா’ என்றிருப்பதை வைத்து இன்றைய தளத்தில் இராமநாதபுரத்தைத் தட்டித் தேடி, நிலமே இல்லை என்று தலையில் கை வைத்துக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

இங்கே ஒரு சிறு விலகல். திருச்சுழி இறைவனுக்குத் திருமேனிநாதர் என்பதோடு பூமிநாதர் என்றும் பெயர். பிரளய வெள்ளத்தைச் சிவபிரான் சூலத்தால் ஊன்றிச் சுழித்துப் பூமிக்குள் இறக்கியதால் ஊருக்குச் சுழி என்று பெயர் வந்ததென்பது தலபுராணம். 1879 இல் அவ்வூரில் பிறந்த ரமண மகரிஷியின் தந்தை சுந்தரமய்யர் மனு எழுதுபவராக இருந்து, சன்னது பெறாத வக்கீலாகப் பெயரெடுத்தவர். வழக்கும் பத்திரமும் திருச்சுழிக்குப் புதிதல்ல என்பதற்காக இதைச் சொன்னேன். வெள்ளத்தை உறிஞ்சிக்கொண்ட அந்த ஊரில் இன்று பல நூறு அடி துளைத்தும் உவர்நீர் வருகிற இடங்கள் உண்டு என்பதற்குப் புராணத்தில் பதில் தேடக் கூடாது.

மருமகனின் நிலத்துக்கு வருவோம். தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன், மறுநாள் காலையில் என்னையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டான். தரகர் அருப்புக்கோட்டையில் வந்து சேர்ந்துகொள்வதாகச் சொல்லியிருந்தார், வரவில்லை, சாலையில் ஒரு மைல்கல்லைச் சொல்லி, அங்கிருந்து கிழக்கே இறங்கும் மண்பாதையில் போய் இரண்டு பனைகளைப் பார்க்கச் சொன்னார். ‘ரோட்டு முகப்பு’ என்பது சாலையிலிருந்து அரை மைல் உள்ளே இருந்தது. படத்தில் கண்ட பச்சை அங்கேயும் இருந்தது. அது பயிரன்று, ஒரு மழைக்கு முளைத்த சீமைக் கருவேலங் கன்றுகள். தெரியாதவர் கண்ணுக்கு அது வளமை. தெரிந்தவருக்கும் அது முழு நஷ்டமன்று. மூன்று நான்கு ஆண்டுகள் விட்டால் வெட்டுக்குக் கொடுத்து, கரிமூட்டம் போடுகிறவர்களிடம் ஒரு தொகை பார்க்கலாம். இந்தச் சீமையில் உழாமலே வருமானம் தருகிற ஒரே வெள்ளாமை அதுதான்.

வேலிக்கு அப்பால் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் கும்பிட்டேன்.

“என்னய்யா, இடம் பாக்க வந்தீகளா?” என்றார்.

“ஆமா பெரியவரே. ரெண்டு ஏக்கர் பத்து சென்ட்டுன்னாக.”

அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த தொரட்டியை நீட்டி வேலியின் வடமூலையிலிருந்து தென்மூலை வரை ஒரு கோடு இழுத்தாற்போலக் காட்டினார். “மழ பேஞ்சா தண்ணி இங்குட்டு வந்து அங்குட்டுப் போகும், கம்மாய்க்கு. இது ஓடைல்லய்யா. மம்பட்டியப் போட்டு மேவிட்டாக. தண்ணிக்கு வழி தெரியாதா என்ன, வரத்தான் செய்யும்.” பிறகு மருமகனைப் பார்த்து, “தம்பி, போனுல ஓடை தெரியாதுப்பா” என்றார்.

தெரியும், ஆனால் எண் வேண்டும். எண்ணை அறிய அரசின் புவியியல் தகவல் தளமொன்று உதவுகிறது. நிலத்தின் மேல் நின்றுகொண்டு இருப்பிடத்தைக் காட்ட அனுமதித்தால், காலடியிலுள்ள புலத்தின் எல்லைக் கோடுகளும் அதன் எண்ணும் திரையில் எழுகின்றன. விளம்பரம் மறைத்ததை அதே கைப்பேசி சொல்லிவிடும், உடம்பைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினால். மருமகன் புஞ்சையின் நடுவே போய் நின்றான். சமிக்ஞை இல்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கருவேல முள்ளில் வேட்டி மாட்டாமல் விலகி விலகி நடந்து, கண்மாய்க் கரைமேல் ஏறினான். அங்கே சமிக்ஞை கிடைத்தது. எண்ணும் வந்தது: கண்மாயினுடைய எண். ‘அரசு புறம்போக்கு, நீர்நிலை’ என்று காட்டிற்று. மறுபடி இறங்கினால் வட்டம். ஏறினால் கண்மாய். கடைசியில் கரைமேல் நின்றபடியே படத்தை விரலால் நகர்த்தி, பனை இரண்டையும் அடையாளமாக வைத்து, கீழே இருந்த கட்டத்தைத் தொட்டு எண்ணைப் பிடித்தான். அதற்குள் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

எண் கிடைத்ததும் காரியங்கள் வேகமாக நடந்தன. பட்டாவில் புன்செய் 0-72.50 என்றிருந்தது. அதாவது 72.50 ஏர். ஓர் ஏர் என்பது ஏறக்குறைய 2.47 சென்ட். அப்படிப் பெருக்கினால் 1 ஏக்கர் 79 சென்ட். விளம்பரத்தில் கண்ட 2 ஏக்கர் 10 சென்ட்டுக்கு இன்னும் 31 சென்ட் வேண்டும். புல வரைபடத்தில் பார்த்தால் பெரியவர் தொரட்டியால் இழுத்த கோட்டின் மேலேயே, தனி எண்ணோடு, ஓடைப் புறம்போக்கு வளைந்து போகிறது. வேலி அதையும் உள்ளே போட்டுக்கொண்டு சுற்றியிருந்தது. படத்தை எடுத்தவர் வேலியைப் பார்த்து எடுத்தார். விளம்பரத்தை எழுதினவர் வேலிக்குள் இருந்ததையெல்லாம் கூட்டி எழுதினார். இதை மோசடி என்று சொல்வதா, இந்தப் பக்கத்து வழக்கம் என்று சொல்வதா என்பது நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டியது. என்னைக் கேட்டால், ஓடையை விற்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வில்லங்கச் சான்று இன்னும் சுவாரசியம். ‘சிங்கிள் ஓனர்’ என்று சொன்ன நிலத்தின் மேல் மூன்று பதிவுகள் இருந்தன: பழைய பாகப்பிரிவினை ஒன்று, பொது அதிகாரப் பத்திரம் ஒன்று, அதன்பேரில் எழுதிய கிரய ஒப்பந்தம் ஒன்று. 2012 டிசம்பருக்கு முன் இப்படிப்பட்ட ஒப்பந்தங்களையும் பவர்களையும் பதியாமலே வைத்திருந்தார்கள். அவ்வாண்டின் தமிழ்நாட்டுத் திருத்தம் அவற்றைக் கட்டாயப் பதிவாக்கிற்று. அதனால்தான் அவை நம் கண்ணில் பட்டன. ஒப்பந்தம் ரத்தானதாகப் பதிவில்லை. அதாவது வேறொருவர் அட்வான்ஸ் கொடுத்துக் காத்திருக்கிறார், அல்லது காத்திருந்து அலுத்துப்போனார். எதுவென்று கைப்பேசி சொல்லாது.

பாகப்பிரிவினையில் இரண்டு அண்ணன் தம்பிகள் கையெழுத்திட்டிருந்தார்கள். சகோதரிகள் உண்டா? ஊரில் விசாரித்ததில் மூன்று பேர் உண்டு என்று தெரிந்தது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே, அதற்குள் மணமாகாத பெண்மக்களுக்குப் பூர்விகச் சொத்தில் ஆண்மக்களோடு சமபங்கு உண்டு. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் அந்தப் பாத்தியதையை எல்லாப் பெண்மக்களுக்கும் விரித்தது. தந்தை அந்தத் தேதியில் உயிரோடிருந்திருக்க வேண்டுமென்பதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20 க்கு முன் பதிவான பாகப்பிரிவினைகளைச் சட்டம் தொடவில்லை என்பதும் உண்மை. எனவே தேதிதான் உயிர்நிலை. ஆனால் பட்டாவிலும் சரி, வில்லங்கச் சான்றிலும் சரி, சகோதரிகள் தெரிவதில்லை. பதிவாகாத எதுவும் தெரிவதில்லை: வாரிசுரிமை, வாய்மொழிப் பங்கு, பதியாத உயில், நடக்கிற வழக்கு. ‘வில்லங்கமில்லை’ என்ற சொல்லின் அர்த்தம், பதிவான வில்லங்கமில்லை என்பது மாத்திரமே.

இந்த இடத்தில் வெளியுலகத்தை ஒரு கணம் எட்டிப்பார்ப்பது பிரயோஜனமாயிருக்கும். 1858 இல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் என்பவர் கொண்டுவந்த முறையில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர் என்று அரசாங்கமே உத்தரவாதம் கொடுக்கிறது; பழைய பத்திரங்களைத் தோண்ட வேண்டியதில்லை. இலங்கையில் 1998 ஆம் ஆண்டின் உரித்துப் பதிவுச் சட்டம் அந்த வழியில் ஒரு முயற்சி. நம்முடைய 1908 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமோ பத்திரத்தைப் பதிகிறது, பாத்தியதையைப் பதியவில்லை. பட்டா வரி கட்டுகிறவர் யார் என்பதற்குச் சாட்சியம். அது ஒன்றே உரிமையைத் தராது என்று நீதிமன்றங்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டன. ஆகவே அடிலெய்டில் ஒருவர் கைப்பேசியில் எண்ணைத் தட்டினால் தேடல் முடிகிறது. அருப்புக்கோட்டையில் தட்டினால் தொடங்குகிறது. தரகரின் ‘கிளியர் டைட்டில்’ என்ற இரண்டு சொற்களை அரசாங்கமே சொல்லத் துணிவதில்லை என்பதை வாங்குகிறவர் நினைவில் வைக்க வேண்டும்.

புஞ்சையை விட்டு மனைக்கு வந்தால் சட்டம் இன்னும் கண்டிப்பாகப் பேசுகிறது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை விதித்ததும், அவ்வாண்டு அக்டோபர் 20 ஐ வரம்பாக வைத்து 2017 இல் வரன்முறைத் திட்டம் வந்ததும் இந்தச் சாலைகளின் ஓரத்தில் கல் நட்டு வைத்திருந்த பலரை விழிக்கச் செய்தன. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகாமல் விளம்பரமே செய்யக் கூடாது. விளம்பரத்தில் அந்தப் பதிவெண் இருந்தாக வேண்டும் என்கிறது 2016 ஆம் ஆண்டுச் சட்டம். 500 சதுர மீட்டர் என்பது பன்னிரண்டே கால் சென்ட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் வலம் வரும் மனை விளம்பரங்களில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். ‘பண்ணை நிலம்’ என்று பெயர் மாற்றி, செம்மரமும் சந்தனமும் நட்டுத் தருகிறோம் என்று சொல்லி, அந்த எண்ணுக்கு வெளியே நிற்கப் பார்க்கிற தந்திரமும் இப்போது உண்டு.

இந்த விளம்பரங்களில் இல்லாத நிலமும் விற்கப்படுகிறது, வராத தண்ணீரும் விற்கப்படுகிறது. காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 262 கிலோமீட்டர், 14,400 கோடி ரூபாய் மதிப்பீடு. அதன் கடைசிக் கட்டம் இந்தச் சீமையின் குண்டாற்றில் வந்து முடிய வேண்டும். அது முடியும் முன்னரே ‘காவிரி பாயப்போகும் பூமி’ என்ற வாசகம் விலையில் ஏறிவிட்டது. மதுரை–அருப்புக்கோட்டை–தூத்துக்குடி ரயில்பாதை அனுமதியானதிலிருந்து ‘ரயில்வே ஸ்டேஷன் அருகில்’ என்பதும் அப்படியே. ஓடுகிற ரயில் மானாமதுரை–விருதுநகர்ப் பாதையில் ஏற்கெனவே ஓடுகிறது, அதைச் சொல்லி விற்கிறவர் குறைவு. பக்கத்துக் கமுதியில் 2016 இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் எழுந்த பிறகு, எதுவும் விளையாத மண்ணுக்கும் ‘சோலாருக்கு ஏற்றது’ என்ற விசேஷணம் கிடைத்தது. விளையாமையே குணமாக எழுதப்பட்டது நம் விவசாய சரித்திரத்தில் இதுவே முதல் தடவையாக இருக்கலாம். வெயிலை விற்க முடியும் என்பது தெரிந்திருந்தால் நம் பாட்டன்மார் பஞ்ச காலத்தில் பர்மாவுக்குக் கப்பலேறியிருக்க மாட்டார்கள்.

தரகர் மாலையில் பேசினார். குரலில் வருத்தமோ வெட்கமோ இல்லை. “ஓடையா? அதெல்லாம் ஆண்டு அனுபவிக்கிறதுதாண்ணே. சர்வேயர வச்சு அளந்து கல்லு ஊண்டித் தர்றோம். தம்பிக்கு வேணுமின்னா அந்த முப்பது சென்ட்டுக்கு ரேட்டக் கழிச்சுக்கலாம்” என்றார். சகோதரிகளைப் பற்றிக் கேட்டேன். “கையெழுத்துப் போட்ருவாக” என்றார். ஒப்பந்தக்காரரைப் பற்றிக் கேட்டேன். கொஞ்சம் மௌனம். பிறகு, “சர்வே நம்பர் ஒங்களுக்கு யாரு சொன்னது?” என்றார். இந்த உரையாடல் முழுவதிலும் அவர் உண்மையாகவே கலங்கியது அந்த ஒரு கேள்வியில்தான்.

மருமகன் கார்த்திகையில் திருப்பூர் திரும்பினான். அந்த எண்ணைத் தன் கைப்பேசியில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறான். அவ்வப்போது வில்லங்கச் சான்றைத் திறந்து, ஒப்பந்தம் ரத்தாகிவிட்டதா என்று பார்ப்பதாகச் சொல்கிறான். தை பிறந்தபோது அதே விளம்பரம் மூன்று குழுக்களில் மறுபடி வந்தது. அளவு 2 ஏக்கர் 10 சென்ட் என்பதில் மாற்றமில்லை. படங்கள் மட்டும் புதியவை. கருவேலங் கன்றுகள் இடுப்பளவு வளர்ந்திருந்தன.